அந்தோணி மச்சானுக்கு மூன்று நகம்

ஜன. 4, 2012. புதன். கடலூர் ஓ.டி.

வெயில். கரண்ட் இல்லாமல் ஆறாவது நாள். கிணற்றுக்குள் பக்கத்து வீட்டு முருங்கை மரம்.

சகலருக்கும் இதனால் அறிவிப்பது. இந்த நோட்டில் வரப்போகும் சரித்திரத்தை ஒரு ஜீவனும் நம்பாது. பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம் செய்திருப்பேன். பைபிள் நனைந்து துணிக்கொடியில் தொங்குகிறது. ஆகவே துணிக்கொடி இருக்கும் திசையில் கை நீட்டிச் சத்தியம்.

போன வெள்ளிக்கிழமை விடியற்காலை 'தானே' புயல் என் வீட்டைத் தூக்கியது. நெல்லிக்குப்பம் வரை கொண்டுபோய், சர்க்கரை ஆலையைச் சுற்றிக் காட்டி, திரும்பக் கொண்டுவந்து அதே இடத்தில் இறக்கியது. இறக்கும்போது கூரையை மட்டும் மறந்துவிட்டது.

போனவை: ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஏழு. தென்னை இரண்டு. லுங்கி மூன்று. பரண் மேல் இருந்த பவுடர் டப்பா ஒன்று.

ஷீட்டுக்கு அழவில்லை. டப்பாவுக்குத்தான். அதற்குள் அந்தோணி மச்சானின் மூன்று நகங்கள்.

(பிற்காலத்தில் இந்த நோட்டைத் தோண்டி எடுக்கப்போகும் அறிஞர்களுக்கு விளக்கம். அந்தோணி என் தங்கச்சி ரீட்டாவின் புருஷன். கப்பலில் பேண்டு வாசித்தவன். பெடல் ஸ்டீல் கிதார் என்ற வாத்தியத்தை அங்கிருந்து கொண்டுவந்தவன். நாலு காலில் நிற்கும் மேஜை, மேலே பத்துக் கம்பி, கீழே மூன்று மிதி, முழங்காலால் தள்ள நெம்புகோல். சத்தம் வர ஆம்ப் என்ற ஒலிபெருக்கி, அதற்குக் கரண்ட். இடது கையில் இரும்பு உருளை. வலது கையில் மூன்று நகம்: கட்டைவிரலுக்கு பிளாஸ்டிக், அடுத்த இரண்டு விரலுக்குத் தகடு. கடைக்காரன் பிக் என்பான். எங்கள் மெல்லிசைக் குழுவில் நகம். போன வருஷம் மச்சானுக்கு வாதத்தில் வலது கை விழுந்ததும் வாத்தியம் என்னிடம் வந்தது. குழுவில் ரிதம் கிதார் வாசித்தவன் நான். மச்சான் வாசிக்கும்போது இருபது வருஷம் பக்கத்தில் நின்றவன்.)

வாத்தியம் கட்டிலடியில் தார்பாய்க்குள் பத்திரம். ஒரு சொட்டுப் படவில்லை. புயலுக்கும் சங்கீத ஞானம்.

மாலை. ஜெனரேட்டர் கடையில் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்ற வரிசை. போன் உயிர் பெற்றதும் சிதம்பரத்திலிருந்து மருமகள் ஜெனி, ரீட்டாவின் மகள்.

"மாமா, எத்தினி வாட்டி அடிக்கிறேன். அப்பாவ வீட்டுக்கு இட்டுனு வந்துட்டோம். கிட்னி ரெண்டும் முடியாதுன்னுட்டாங்க. வர்றப்போ அந்தப் பொட்டிய எடுத்துனு வரணுமாம்."

"எந்தப் பொட்டி?"

"உங்க பொட்டிதான். வேற எத கேக்கப்போறாரு."

வரிசையில் பின்னால் நின்றவன், "யோவ், பேசி முடிச்சிட்டல்ல, வயரக் கழட்டு."

கழற்றினேன்.


ஜன. 6, வெள்ளி.

பஸ்ஸில் பெட்டி ஏற்றம். கறுப்பு, நீளம், கனம். கண்டக்டர் பார்த்த பார்வை.

"இன்னா பெரியவரே இது, தையல் மிஷினா?"

"இல்லப்பா. பியானோவுக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் பொறந்த புள்ள."

"பொணம் கிணம் இல்லியே?"

"இன்னும் இல்ல."

வாயில் வந்துவிட்டது. வந்ததும் நாக்கைக் கடித்தேன். கண்டக்டர் சிரித்தான். நான் சிதம்பரம் வரை ஜன்னல் பக்கமே.

வழியெல்லாம் மரம் சாய்ந்து கிடக்கிறது. பஸ் போன வேகத்தில் டிரைவருக்குத் தலை நரைத்து, பென்ஷன் வாங்கி, அவர் பேரன் வந்து மீதி தூரம் ஓட்டினான்.


ஜன. 7, சனி. சிதம்பரம்.

ரீட்டா வீடு, ஸ்டேஷன் பக்கத்துத் தெரு. இங்கும் கரண்ட் இல்லை. போஸ்ட் இரண்டு தெருவின் குறுக்கே படுத்திருக்கிறது. பெண்கள் அதைத் தாண்டித் தாண்டித் தண்ணீர் எடுக்கிறார்கள்.

மச்சான் மரக்கட்டிலில். கால் வீக்கம். முகம் வேறு யாருடையதோ. வாய் கொஞ்சம் கோணல், பேச்சு மெதுவாக, ஆனால் அதே திமிர்.

"பொட்டி வந்துச்சா மச்சான்?"

"வந்துச்சி."

"நகம்?"

"சுறா முழுங்கிடுச்சி. முதுநகர் வரைக்கும் கடல் வந்துச்சி இல்ல? பரண் மேல ஏறி டப்பாவத் தொறந்து முழுங்கிச்சி. மூடிய மட்டும் ஒழுங்கா மூடி வெச்சிட்டுப் போச்சி."

இடது பக்க வாய் மட்டும் சிரித்தது. பிறகு, "வேற வாங்கு" என்றான்.

கப்பல் மெட்டு கேட்க வேண்டுமாம். அவனே போட்டது, பேர் வைக்காதது. கச்சேரி முடிந்து நாற்காலி மடக்கும் நேரத்தில் வாசிப்பான். இருந்த ஒரே கேசட் பூஞ்சை பிடித்துப் போனது.

"நான் அத ஒரு வாட்டிகூடக் கேட்டதில்ல மச்சான்" என்றான்.

"யோவ், நீ போட்ட மெட்டுய்யா."

"வாசிக்கிறவன் எங்க கேக்கறான்? அவன் புத்தி பூரா அடுத்த கம்பி மேல. சும்மா படுத்துனு ஒரு வாட்டி கேக்கணும். உனக்குத்தான் தெரியும். வேற யாருக்குத் தெரியும்?"

வெறும் விரலில் இப்போதே வாசிக்கிறேன் என்றேன். "நகம் இல்லாம வாசிச்சா பஞ்சு மேல பூனை நடந்த மாதிரி இருக்கும். கரண்ட் வேற இல்ல. நல்லா அடிக்கிற நகமாப் பாத்து எடு" என்று கண்ணை மூடிக்கொண்டான்.

சமையல்கட்டில் ரீட்டா. "அண்ணா, டாக்டர் சொன்னா சொல்லட்டும். மாதா கைவிட மாட்டா." நான் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன். எனக்குக் கிண்டல் வராத நாள் இது. குறித்துக்கொள்ளவும்.


ஜன. 8, ஞாயிறு.

பூசைக்குப் போகவில்லை. விஞ்ஞான ஆராய்ச்சி. கட்டைவிரல் பிரச்சினை உடனே தீர்ந்தது: பழைய சோப்பு டப்பா மூடியை விளக்கில் காட்டி வளைத்தேன். மற்ற இரண்டு விரலுக்கு:

ஷாம்பூ பாட்டில் வெட்டியது. விரலுக்குச் சுகம். ஓசை: ஈர அப்பளம்.

கொட்டாங்கச்சி தேய்த்தது. இரண்டு மணி நேர உழைப்பு. முதல் கம்பியிலேயே பறந்து சாமி படத்தில் மோதியது.

நெய் டின். ஓசை பரவாயில்லை. ஒரு லிட்டர் ரத்தம். (ஜெனி: "மாமா, ஒரு சொட்டுதான்.")

டார்ச் செல் தகடு. இரண்டு தட்டில் வளைந்து நகம் தூங்கிவிட்டது.

நகத்தின் தர்மம் இதுதான். மெல்லியது பளிச்சென்று பேசும், ஆனால் வளையும். தடித்தது வளையாது, குரல் கம்மும். தளர்வாகப் போட்டால் சுழலும், இறுக்கினால் விரல் வீங்கும். சதைப் பக்கம் போட வேண்டும், பெண்கள் நகப்பூச்சு பூசும் பக்கம் அல்ல. இருபது வருஷத்துக்கு முன் நான் அந்தப் பக்கம் போட்டு மேடை ஏறி நின்றேன். மச்சான் சிரித்த சிரிப்பில் மைக் ஊளையிட்டது.

கட்டிலில் இருந்து நேற்றுப்போலவே: "நகம் வந்துச்சா?"

"அமெரிக்காவுக்குத் தந்தி அடிச்சிருக்கேன். ஜனாதிபதி தன்னோடதக் கழட்டி அனுப்பறாராம்."

சிரிக்கவில்லை. தூங்கிவிட்டான்.


ஜன. 9, திங்கள்.

மேலவீதிக்குப் பின் சந்தில் ஒரு பத்தர். சின்னக் கடை, சின்னத் தராசு, பெரிய கண்ணாடி. என் பிரசங்கம்:

"பத்தரே, என் மச்சான் படுத்த படுக்கையா கெடக்கிறான். அவன் உசுரு மூணு விரல்ல இருக்கு. மூணு செஞ்சி குடுங்க." படம் வரைந்தும் காட்டினேன். மூன்றாவது நகம் சோப்பு மூடிக்குப் பதிலாக, கௌரவத்துக்கு.

"அவரு விரல் அளவா?"

"என் விரல்தான். அவனுக்குப் பதிலா நான்."

பத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மோதிர அளவு வளையத்தை ஒவ்வொரு விரலிலும் மாட்டிப் பார்த்தார்.

"வெள்ளிதானே? அதுதான் வழக்கம்."

வழக்கமா? இந்த ஊரில் எத்தனை பேர் ஸ்டீல் கிதார் வாசிக்கிறார்கள் என்று ஒரு ஆச்சரியம். சரி என்றேன்.

"கூலி வேணாம் சார். வெள்ளிக்கு மட்டும் குடுங்க. இதுக்கெல்லாம் நாங்க கூலி வாங்கறதில்ல. எங்களுக்கும் புள்ளகுட்டி இருக்கு."

சிதம்பரத்தில் சங்கீதத்துக்கு இன்னும் இவ்வளவு மரியாதை.

மச்சான் இன்று கஞ்சி மூன்று ஸ்பூன். மூத்திரம் இல்லை.


ஜன. 12, வியாழன்.

வானம் மூடியிருக்கிறது. காலை பத்தர் கடை.

சிவப்புப் பட்டுக் காகிதம். பிரித்தேன். மூன்று வெள்ளி விரல். விரல் என்றால் விரல்: கணுக்கணுவாகக் கோடு, நுனியில் நகம், நகத்தில் பிறைகூட. முன்பக்கம் புடைப்பு, பின்பக்கம் பள்ளம், மேலே கயிறு கோக்க ஓட்டை. காகிதத்தின் மடிப்பில் குங்குமம் ஒரு சிட்டிகை.

வேண்டுதல் விரல். கோயில் உண்டியலில் போடுகிற நேர்த்திக்கடன்.

"வேண்டுதல்னா பொதுவா முழுக் கையா வெப்பாங்க" என்றார் பத்தர். "நீங்க மூணு விரல் மட்டும் கேட்டீங்க. உங்க அளவுல வேற கேட்டீங்க. என் உசுர எடுத்துனு அவர விட்டுடுன்னு வேண்டினாப்பல. ஒடம்பு சிலிர்த்துப் போச்சி சார். மாதா கோயிலுக்கா, எங்க மாரியம்மனுக்கா?"

அவர்மேல் என்ன தப்பு? மொத்தக் கிரந்தத்தையும் என் வாயே சொல்லியிருக்கிறது. "மாதா கோயிலுக்கு" என்றேன். கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

ஒன்றை விரலில் மாட்டிப் பார்த்தேன். பூ மாதிரி இருந்தது. கம்பியில் வைத்தால் பூ மாதிரியே கசங்கும்.

வீட்டில் சட்டைப்பையில் இருந்து எடுத்து ஒளிக்கப் பார்த்தேன். ரீட்டா பார்த்துவிட்டாள். மூன்றையும் உள்ளங்கையில் வைத்து நின்றாள்.

"அண்ணா. நீயா?"

"அது வந்து ரீட்டா..."

"கோயில் வாசல் மிதிக்காதவன். எல்லாத்தையும் கிண்டல் பண்றவன். நீயா இத செஞ்ச?"

என் காலத்தில் ஆயிரம் பொய் சொல்லியிருக்கிறேன். நான் சொல்லாத இந்தப் பொய் ஏற்றிய விளக்கை, சொன்ன ஒரு பொய்யும் என் தங்கச்சி முகத்தில் ஏற்றியதில்லை. அதை அணைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

மாலை அவள் கையைப் பிடித்துக்கொண்டு மாதா கோயில். கரண்ட் இல்லாததால் உள்ளே மெழுகுவர்த்தி மட்டும். அவளே கயிறு கோத்துக் கட்டினாள். முட்டி போட்டாள். நானும் போட்டேன், எழுந்திருக்க நாலு பேர் வேண்டியிருந்தது. (ஒருத்தர்.)

மச்சானிடம் தனியாகச் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தான். சிரித்து முடிக்க முடியாமல் இருமினான். இருமலில் ரீட்டா ஓடிவந்தாள்.

"இன்னா சொன்ன அவர்கிட்ட?"

"ஒண்ணுமில்ல. பக்தியப் பத்திப் பேசினோம்."


ஜன. 14, சனி. போகி.

தெருவில் பழையது எரிக்கிறார்கள். புயல் விட்டுவைத்ததில் எரிக்க என்ன இருக்கிறது தெரியவில்லை, ஆனாலும் புகை.

ஜெனி ஒரு எவர்சில்வர் டம்ளரோடு வந்தாள். "மாமா, இத வெட்டுங்க. மெல்லிசு, ஆனா வளையாது. ஆஸ்பத்திரிக்கு எடுத்துனு போய்ப் போய் ஓரம் நசுங்கிடுச்சி."

திருப்பிப் பார்த்தால் பொறித்த எழுத்து: 'அந்தோணி ரீட்டா திருமணம், அன்பளிப்பு', கீழே என் பெயர். ஆறு டம்ளர் கொடுத்தேன். மச்சான் அன்றைக்கே கேட்டான், "ஒரே ஊட்டுல ஆறு பேரா குடிக்கப்போறோம்?"

பாத்திரக்கடைக்காரனிடம் கத்திரி வாங்கி இரண்டு துண்டு. சுத்தியலால் விறகுக்கட்டை மேல் வைத்து வளைப்பு. ஓரத்துக்கு உப்புக் காகிதம். நடுவிரல் நகத்தில் 'ளிப்பு' என்று மட்டும் எழுத்து.

தட்டினேன். மணி! வாத்தியம் பத்து நாளில் முதல் முறையாக வாயைத் திறந்தது. கட்டிலில் இருந்து குரல்: "அதான். அதான் மச்சான்."

குறை: விரலைப் பிடித்தால் விடுவதில்லை. தளர்த்தினால் சுழல்கிறது. ஷாம்பூ பாட்டில் விரலுக்குத் தாய், டம்ளர் போலீஸ். போலீஸையே தேர்ந்தெடுத்தேன்.

இரண்டு நாள் மெட்டை ஞாபகப்படுத்த வேண்டும். எனக்கு மூன்றாவது மிதி எப்போதும் தகராறு.


ஜன. 15, ஞாயிறு.

பொங்கல். ரீட்டா வைக்கவில்லை. எதிர்வீட்டு அம்மா ஒரு தூக்குவாளியில் கொடுத்தார்கள். மச்சான் நாக்கில் ஒரு பருக்கை வைத்துக்கொண்டான்.

நாள் பூரா கொல்லையில் பழக்கம். காக்கைகள் ஊரைக் காலி செய்தன.

பாதிரியார் வந்து எண்ணெய் பூசிவிட்டுப் போனார். ரீட்டா அவரை வழியனுப்பாமல் உள்ளேயே நின்றாள்.


ஜன. 16, திங்கள்.

மதியம் மூன்று மணி. இளவெயில். மச்சானுக்கு நல்ல தெளிவு. "இப்ப வாசி."

வாத்தியத்தைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தி ஒரு வரி வாசித்தேன். எறும்பு இருமியது.

"அப்பாவுக்குக் கேக்கல மாமா" என்றாள் ஜெனி.

"தலமாட்டுப் பலகைய ஒட்டி வை" என்றான் மச்சான். "கப்பல்ல ரூமுக்குள்ள ஆம்ப் போட உட மாட்டாங்க. பலகையோட வாத்தியத்த ஒட்டி வெச்சி, பலகையில தலய சாச்சிக்குவேன். எலும்பு வழியா கேக்கும்."

ஜெனியும் நானும் கட்டிலை நகர்த்தினோம். வாத்தியத்தின் முதுகு பலகையில் இடித்து நின்றது. ரீட்டா அவன் தலையைத் தூக்கிப் பலகையில் சாய்த்து, தலையணையை எடுத்துவிட்டாள். அவளும் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டாள்.

வாசித்தேன்.

நாலு நிமிஷம் இருக்கும். மூன்றாவது மிதியை ஒரு இடத்தில் தாமதமாக மிதித்தேன். இன்னொரு இடத்தில் உருளை வழுக்கியது. நடுவில் எட்டுச் சுரம் மறந்து வேறு எதையோ போட்டு ஒப்பேற்றினேன். மச்சான் கண்ணைத் திறக்கவில்லை. முடிந்தும் பலகையில் தலை அப்படியே.

"எப்படி மச்சான்?"

"கேவலம்."

ரீட்டா, "இன்னாங்க, அண்ணன் எவ்ளோ பாடுபட்டு..."

"கேவலமா வாசிக்கிறான். ஆனா மெட்டு நல்லா இருக்குடி. நான்தான் போட்டனா அத?" பிறகு என்னைப் பார்த்து, "இன்னொரு வாட்டி."

விரலைக் காட்டினேன். நடுவிரல் நாவல்பழம். வீங்கி, கறுத்து, நகத்துக்குள் சிக்கிக் கிடந்தது. ரத்தம் ஓடாமல் வெடித்துவிடும் நிலை. தகடு எலும்பைத் தொட்டுவிட்டது.

"இன்னிக்கி முடியாது மச்சான். நாளைக்கு. போஸ்ட் நட்டுட்டாங்க, நாளைக்குக் கரண்ட் வந்துடும்னு லைன்மேன் சொன்னாரு. ஆம்ப் போட்டு ஜோரா கேளு."

"நாளைக்கா?"

"நாளைக்கு."

"சரி" என்றான். தலையணையை ரீட்டா திரும்ப வைத்தாள்.


ஜன. 17, செவ்வாய்.

காலை ஐந்தே கால்.


ஜன. 18, புதன்.

அடக்கம் ஆயிற்று. நல்ல வெயில். குழுவில் இருந்து டிரம்ஸ்காரரும் பாடகரும் கடலூரிலிருந்து வந்தார்கள். கல்லறையில் வாசிக்கச் சொன்னார்கள். முடியாது என்றேன். விரல் என்றேன். எல்லோரும் என் விரலைப் பார்த்தார்கள், நான் கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது தெருவில் பிள்ளைகள் கூச்சல். கரண்ட். ரீட்டா வீட்டில் எப்போதோ போட்டுவிட்டு மறந்த மின்விசிறி தானாகச் சுற்றியது. ஜெனி ஓடிப்போய் நிறுத்தினாள்.

ரீட்டா: "அண்ணா, நீ வாசிச்சி அவர் கேட்டுட்டுத்தானே போனாரு. அது போதும் எனக்கு. உன் வேண்டுதல்தான் அந்த ஒரு நாளக் குடுத்துச்சி."

தலையாட்டினேன்.


ஜன. 20, வெள்ளி. கடலூர் ஓ.டி.

ஷீட் போட ஆள் வரவில்லை. மேலே வானம்.

எவனும் நம்பமாட்டான் என்று ஆரம்பித்தேன். நம்ப வேண்டாம். வீடு நெல்லிக்குப்பம் போகவில்லை. சுறா வரவில்லை. டிரைவருக்குப் பேரன் இல்லை. முட்டி போட்டு நானேதான் எழுந்தேன். திங்கட்கிழமை விரல் கறுக்கவும் இல்லை, வீங்கவும் இல்லை. லேசாகச் சிவந்திருந்தது. கழற்றி, ஊதி, மறுபடி மாட்டியிருக்கலாம். கேவலம் என்றானே, ரோஷம். நாளைக்கு ஆம்ப் போட்டு ஜோராக வாசித்து மூக்கை உடைக்கலாம் என்று.

லைன்மேனும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு சின்ன இடம் மட்டும் நிஜம். இன்னொரு வாட்டி என்று அவன் கேட்டான்.